பாதிச் சம்பளமும் ஒரு வெள்ளிக்காசும்

2020 ஏப்ரல். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. நாம் எல்லோரும் ஒரே குடும்பம், இது சோதனையான காலம், சேர்ந்தே கடந்து வருவோம் என்று நாலு பத்தி. அஞ்சாவது பத்தியில் "சம்பள மறுசீரமைப்பு" என்று ஒரு வார்த்தை. மூணு தடவை படித்த பிறகுதான் மாதச் சம்பளத்தில் கால்வாசியை வெட்டிவிட்டார்கள் என்று புரிந்தது. வெட்டு என்ற சொல் மட்டும் அதில் எங்கேயும் கிடையாது.

நிற்க. இது அந்தக் கதை இல்லை. அந்த மெயிலை நான் மறந்தே போயிருந்தேன். போன மாதம் ஒரு பழைய காசின் படத்தைப் பார்த்ததும் திடீரென்று ஞாபகம் வந்து தொலைத்தது. அந்தக் காசைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில், வாஷிங்டனில், டம்பார்டன் ஓக்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. பிளிஸ் தம்பதி என்ற பணக்காரர்கள் 1940-ல் தங்கள் மாளிகை, தோட்டம், சேகரிப்பு எல்லாவற்றையும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்கு அடித்தளம் போட்ட பேச்சுவார்த்தை 1944-ல் நடந்ததும் இதே வீட்டில்தான். அங்கே சுமார் 12,000 பைசாண்டியக் காசுகள் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. (சிரிக்காதீர்கள், சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதில்லையா?)

அப்படிப் பார்த்ததில் ஒன்றுதான் ஹெராக்ளியஸ் மன்னரின் வெள்ளிக்காசு. பெயர் ஹெக்ஸாகிராம். ஏதோ ஆறுமுனை நட்சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிராம்மா என்பது அந்தக் காலத்துக் கிரேக்க எடை அளவு. ஆறு கிராம்மா எடையுள்ள காசு, அவ்வளவுதான். நம் கணக்கில் ஏறக்குறைய ஆறரை கிராம். நமது ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கனம்.

ஒரு பக்கம் சிம்மாசனத்தில் இரண்டு பேர். பெரியவர் ஹெராக்ளியஸ், பக்கத்தில் சின்னதாக அவருடைய பிள்ளை. பிள்ளைக்கும் கிரீடம் உண்டு, பிறந்த மறு வருஷமே, அதாவது 613-லேயே, பட்டம் கட்டிவிட்டார்கள். இருவர் கையிலும் சிலுவை வைத்த உருண்டை. மறுபக்கம் மூன்று படிகள், மேலே ஓர் உருண்டை, அதன் மேல் ஒரு சிலுவை. வேலைப்பாடு என்று பார்த்தால் சுமார்தான். இந்த வகைக் காசுகளில் பலவற்றில் வட்டம் ஒழுங்காக இருக்காது, அச்சு நகர்ந்திருக்கும், எழுத்து பாதி ஓரத்துக்கு வெளியே போயிருக்கும். அவசர அவசரமாக அடித்த காசு என்று பார்த்தாலே தெரியும்.

அந்தச் சிலுவையைச் சுற்றி மூன்று லத்தீன் சொற்கள்: தேயுஸ் அத்யூத்தா ரோமானிஸ். கடவுளே, ரோமானியர்களுக்கு உதவி செய்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்றால், அரசாங்கக் காசு இப்படிப் பேசாது. ரோமானியக் காசுகளைக் கொஞ்சமாவது புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எப்பொழுதும் வெற்றிதான். மன்னரின் வெற்றி, படையின் வீரம், நாட்டின் செழிப்பு. இந்தக் காசை அடித்த அதே ஊரில், அதே சமயத்தில் அடித்த தங்கக்காசில்கூட வழக்கம்போல "பேரரசர்களின் வெற்றி" என்றுதான் இருக்கிறது. வெள்ளிக்காசு மட்டும் "காப்பாத்து சாமி" என்கிறது!

என்ன ஆயிற்று?

*

முதலில் ஒரு சின்ன விளக்கம். பைசாண்டியர் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை ரோமானியர் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள். தலைநகரம் ரோமிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) மாறியது, பேச்சு கிரேக்கமாகியது, மதம் கிறிஸ்தவமாகியது, ஆனால் பெயர் மாறவில்லை. இந்தக் காசே அதற்கு சாட்சி.

அந்த ஊரில் பணம் என்றால் தங்கம். ஒரு ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்ற கணக்கில் அடித்த சாலிடஸ். அன்றாடக் கடைத்தெருவுக்குச் செப்பு. நடுவே வெள்ளி? விழா நாட்களில் கொடுக்கக் கொஞ்சம் அடிப்பார்கள், அவ்வளவுதான். வெள்ளி எல்லாம் தட்டாகவும், விளக்காகவும், கோவில் பாத்திரமாகவும் இருந்தது. தினப்படி வெள்ளிக்காசு பாரசீகர்களுடைய சமாச்சாரம்.

இதில் ரோமானியர்களுக்கு ஒரு தலைக்கனமும் உண்டு. காஸ்மாஸ் என்ற அலெக்ஸாண்ட்ரியா வணிகர் 550 வாக்கில் எழுதிய புத்தகத்தில் இலங்கையில் நடந்ததாக ஒரு கதை வருகிறது. சோபட்ரோஸ் என்ற ரோமானிய வியாபாரியும் ஒரு பாரசீகரும் ஒரே சமயத்தில் அங்கே போய் இறங்குகிறார்கள். உங்கள் இருவரில் யாருடைய ராஜா பெரியவர் என்று இலங்கை மன்னர் கேட்கிறார். பாரசீகர் முந்திக்கொண்டு அளந்துவிடுகிறார். சோபட்ரோஸ் அலட்டிக்கொள்ளவில்லை. "இரண்டு ராஜாவும் இங்கேயே இருக்கிறார்களே, காசை எடுத்துப் பாருங்கள்" என்கிற மாதிரி சொல்கிறார். ஒன்று பளபளவென்று தங்கம், மற்றது வெள்ளி. தீர்ப்பு என்ன என்று சொல்லவே வேண்டாம். சோபட்ரோஸை யானைமேல் ஏற்றி மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்களாம். சொன்னவர் ரோமானியர் என்பதால் கொஞ்சம் உப்பு புளி சேர்ந்திருக்கலாம். ஆனால் தங்கம் வைத்திருந்தவர்களின் மனசு எப்படி இருந்தது என்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

காஸ்மாஸ் அதை எழுதி ஏறக்குறைய அறுபத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதே ரோமானிய அரசு, 615-ல், சம்பளம் கொடுக்க வெள்ளிக்காசு அடிக்க ஆரம்பித்தது.

*

கதை 588-ல் தொடங்குகிறது என்று நான் சொல்வேன். அப்போது மன்னர் மௌரிஸ். நல்ல நிர்வாகி, ஆனால் கஜானா காலி. கிழக்குப் படையின் சம்பளத்தில் கால்வாசியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். (ஆமாம், அதே கால்வாசி!) படை கலகம் செய்தது. புதிதாகப் போன தளபதியைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். கடைசியில் உத்தரவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

மௌரிஸ் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. 602-ல் டான்யூப் படையிடம், செலவை மிச்சம் பிடிக்க, குளிர்காலத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரி மண்ணிலேயே கழியுங்கள் என்றார். இந்தத் தடவை படை தலைநகருக்கே வந்துவிட்டது. ஃபோகாஸ் என்ற சாதாரண அதிகாரி மன்னரானார். மௌரிஸின் மகன்களை அவர் கண்முன்னே வெட்டி, பிறகு அவரையும் வெட்டினார்கள். நடந்த இடம் சால்சிடான், தலைநகருக்கு நேர் எதிர்க்கரை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோ தன் நாட்டில் அரியணை பறிபோய் ஓடிவந்தபோது, படை கொடுத்து 591-ல் மீண்டும் உட்காரவைத்தவர் இதே மௌரிஸ். "என் உபகாரியைக் கொன்றவர்களைச் சும்மா விடமாட்டேன்" என்று குஸ்ரோ கிளம்பினார். உண்மையான நன்றியா, நல்ல சாக்கா? இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். ஏனென்றால் 610-ல் ஹெராக்ளியஸ் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து ஃபோகாஸைக் கொன்று பழி தீர்த்த பிறகும் குஸ்ரோ நிறுத்தவில்லை.

613-ல் அந்தியோக்கியா அருகே ஹெராக்ளியஸுக்குத் தோல்வி, டமாஸ்கஸ் போயிற்று. 614-ல் ஜெருசலேம். இயேசுவை அறைந்த சிலுவை என்று அவர்கள் உயிராக மதித்த மரத்தையே பாரசீகர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 615-ல் தளபதி ஷாஹின் சால்சிடானுக்கே வந்துவிட்டார். தலைநகரின் மதில்மேல் ஏறினால் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் எதிரிப் படை கண்ணுக்குத் தெரியும்.

கான்ஸ்டான்டிநோபிளின் செனட் சபை குஸ்ரோவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஹெராக்ளியஸை உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறை. குஸ்ரோ தூதர்களைச் சிறையில் போட்டார்.

அந்த வருஷத்துக் குறிப்பாக ஒரு பழைய வரலாற்றேட்டில் சின்னதாக ஒரு செய்தி இருக்கிறது. சட்டப்படி ஆறு கிராம்மா வெள்ளிக்காசு வந்தது, அரசு கொடுக்கும் தொகைகள் அதில், பழைய அளவில் பாதியாகக் கொடுக்கப்பட்டன. விஷயம் இவ்வளவுதான்.

பாதி! மௌரிஸ் கால்வாசியில் கை வைத்ததற்கே கல்லடி. அடுத்த உத்தரவுக்குத் தலை போனது. அது நடந்து பதின்மூன்று வருஷத்தில் இன்னொரு மன்னர் பாதியை வெட்டுகிறார். ஆட்சி கவிழவில்லை. ஏன்?

*

இதற்கு ஒற்றைப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரி எதிர்க்கரையில் நிற்கும்போது யாருக்குத்தான் கலகம் செய்யத் தோன்றும் என்பது சுலபமான பதில். ஆனால் அதுவும் முழுசாகச் சரியில்லை. இதே காலத்தில் இத்தாலியில், ரவென்னாவில், ஆளுநரையே கொன்றார்கள். அடுத்து அனுப்பப்பட்ட எலூத்தேரியஸ் அவர்களை அடக்கிவிட்டு, 619-ல் தானே மன்னர் என்று அறிவித்துக்கொண்டார் (அவரை அவருடைய வீரர்களே தீர்த்துக்கட்டினார்கள்). ஆக எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தலைநகரமும் கிழக்குப் படையும் கைவிடவில்லை, அதுதான் விஷயம்.

எனக்குப் படுவது இது. காசு கையில் வரும்போதே உண்மையையும் சொல்லிக்கொண்டு வந்தது. பணமுடையில் இருக்கும் அரசுகள் வழக்கமாகச் செய்வது கலப்படம். மூணாம் நூற்றாண்டு ரோமானிய மன்னர்கள் வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து, கடைசியில் வெள்ளி முலாம் பூசிய செம்பாகவே ஆக்கிவிட்டார்கள். ஹெராக்ளியஸ் தங்கத்தைத் தொடவில்லை. புதுக் காசும் நல்ல வெள்ளி. "முழுச் சம்பளம்" என்று சொல்லிக் கள்ளக்காசைத் தராமல், பாதிதான் என்று சொல்லி நல்ல காசைக் கொடுத்தார். அதிலேயே நிலைமையையும் எழுதினார்.

அதுவும் யாருடைய சொல்லில்? மௌரிஸ் பெயரில் வழங்கும் ஒரு போர்க்கலை நூல் உண்டு. படை எதிரியை நெருங்கி மோதப்போகும்போது ஒருவர் "அத்யூத்தா" என்று கத்த, எல்லோரும் ஒரே குரலில் "தேயுஸ்" என்று பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் ஊரில் ஒருத்தர் "வெற்றிவேல்" என்றால் கூட்டம் "வீரவேல்" என்பது போல. அதாவது காசில் இருப்பது அரண்மனைப் புலவர் யோசித்து எழுதிய வாசகம் இல்லை, சிப்பாயின் வாயில் ஏற்கனவே இருந்த கோஷம். கிரேக்கம் பேசும் நாட்டில் அது ஏன் லத்தீனில் இருக்கிறது என்பதும் இப்போது புரியும். படையின் கட்டளைச் சொற்கள் அப்போதும் லத்தீன்தான். பாதிச் சம்பளம் வாங்கிய சிப்பாய் காசைப் புரட்டினால் அவனுடைய குரலே அதில் எழுதியிருக்கிறது.

ஹெராக்ளியஸை உத்தமர் ஆக்க நான் தயாரில்லை. செப்புக்காசு விஷயத்தில் மனுஷன் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. பழைய காசுகள் மேலேயே புது அச்சை அடித்து, எடையைக் குறைத்துக்கொண்டே போனார். ஆரம்பத்தில் 11 கிராம் வாக்கில் இருந்த செப்புக்காசு, அவர் ஆட்சியிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 618-ல் தலைநகர மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்துவந்த அரசாங்க ரொட்டிக்கு முதலில் காசு கேட்டார்கள், சில மாதத்தில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில், அந்த ரொட்டிக்குக் கோதுமை அனுப்பிய எகிப்தும் கையை விட்டுப் போனது. செப்புக்காசில் வாழ்ந்தவர்கள் யார், ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குப் பிரார்த்தனை எழுதிய வெள்ளிக்காசு கிடைக்கவில்லை.

ஒரு கட்டத்தில் ஹெராக்ளியஸே கார்த்தேஜுக்குக் கிளம்பிப் போய்விட நினைத்தார் என்று பிற்காலத்துப் பாதிரியார் நிக்கிபோரஸ் எழுதுகிறார். முன்கூட்டியே அனுப்பிய பொக்கிஷம் புயலில் கடலோடு போனது. தலைமைப் பேராயர் செர்ஜியஸ் மன்னரைக் கோவிலுக்கு அழைத்துப்போய், ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாராம்.

அதே செர்ஜியஸின் திருச்சபைதான் 622-ல் கடன் கொடுத்தது. கோவில் பாத்திரங்களை விற்கக்கூடாது, கைதிகளை மீட்பது மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் விதிவிலக்கு என்று ஜஸ்டினியன் காலத்துச் சட்டம். இப்போது ஹேகியா சோபியாவின் விளக்குகளும் பாத்திரங்களும் உருகித் தங்கக்காசாகவும் வெள்ளிக்காசாகவும் ஆயின. டம்பார்டன் ஓக்ஸில் இருக்கும் ஒரு காசின் வெள்ளி எந்தக் கோவிலின் எந்த விளக்கில் எரிந்ததோ!

*

இதே சமயத்தில் எதிர்க்கரையில் இருந்தவர்கள் சட்டைப்பையில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? குஸ்ரோவின் வெள்ளி டிராக்கம். மெல்லிய, அகலமான, அழகான காசு. சிறகு வைத்த கிரீடத்தோடு மன்னர், மறுபக்கம் அக்கினிக் குண்டம், இருபுறமும் காவலர்கள். மன்னரின் முகத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதன் பொருள்: குஸ்ரோ, இவர் அரச மகிமையைப் பெருக்கினார்.

ஒரு கரையில் "மகிமை பெருகியது". மறுகரையில் "கடவுளே உதவு". 615-ல் உங்களிடம் இரண்டையும் காட்டி யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சோபட்ரோஸ்கூட வாயைத் திறந்திருக்க மாட்டார்.

பிறகு நடந்தது சினிமா மாதிரி. 622-ல் ஈஸ்டர் முடிந்த மறுநாள் ஹெராக்ளியஸ் தானே படையோடு கிளம்பினார். இரண்டு நூற்றாண்டுகளாக ரோமானிய மன்னர்கள் பெரும்பாலும் அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு தளபதிகளை அனுப்புவதுதான் வழக்கம். பாதிச் சம்பளம் கொடுத்தவர் கூடவே வந்து குதிரையில் உட்கார்ந்தது படைக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும். 626-ல் ஒருபுறம் அவார்கள், மறுபுறம் பாரசீகர்கள் என்று தலைநகரம் முற்றுகைக்குள்ளானது. மன்னர் ஊரில் இல்லை, ஆனாலும் ஊர் விழவில்லை. 627 டிசம்பரில் நினிவே அருகே ஹெராக்ளியஸ் பாரசீகப் படையை முறியடித்தார். 628-ல் குஸ்ரோவைப் பெற்ற மகனே கவிழ்த்தான், கொலையும் ஆயிற்று. 630-ல் சிலுவை ஜெருசலேமுக்குத் திரும்பியது.

படம் இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 636-ல் யார்முக் ஆற்றங்கரையில் அரபுப் படையிடம் ரோமானியர்கள் தோற்றார்கள். இருபது வருஷம் போராடி மீட்ட சிரியாவும் பாலஸ்தீனமும் எகிப்தும் மறுபடி போயின, இம்முறை நிரந்தரமாக. 641-ல் ஹெராக்ளியஸ் இறந்தார். 651-ல் கடைசிப் பாரசீக மன்னரும் கொல்லப்பட்டு, மகிமையைப் பெருக்கியவர்களின் வம்சமே முடிந்தது. புதிதாக வந்தவர்கள் ஆரம்பத்தில் குஸ்ரோவின் காசையே, ஓரத்தில் அல்லாவின் பெயரைச் சேர்த்து, அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 690-களின் கடைசியில் அப்துல் மாலிக் படமே இல்லாத, எழுத்து மட்டும் உள்ள காசுகளைக் கொண்டுவந்தார்.

ஹெக்ஸாகிராம்? ஹெராக்ளியஸின் பேரன், கொள்ளுப்பேரன் காலம்வரை வந்துகொண்டிருந்தது. வாசகமும் கூடவே வந்தது. காக்கசஸ் மலைப்பக்கமும் டான்யூபுக்கு வடக்கேயும் புதையல்களாகக் கிடைக்கிறது. அண்டை நாட்டாரைச் சமாதானப்படுத்தக் கொடுத்த பணம் அது என்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் முடிவில் மங்கிப்போய், 720 வாக்கில் வேறொரு மெல்லிய வெள்ளிக்காசு அந்த இடத்துக்கு வந்தது. அதை அடித்த நாடு மட்டும் 1453 வரை இருந்தது.

*

இந்தக் காசை நான் ஏன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் இரண்டு விதமான எழுத்து மிஞ்சும். ஒன்று, எல்லாம் சரியான பிறகு ஆற அமர உட்கார்ந்து எழுதும் அறிக்கை. அதில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும், எழுதியவருக்கு முடிவு தெரியும். இன்னொன்று, விழுந்துகொண்டிருக்கும்போதே அந்த இயந்திரம் எழுதித் தள்ளிய லாக். அதற்கு அடுத்த நொடி என்ன ஆகும் என்று தெரியாது.

ஹெராக்ளியஸின் போரைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி முதல் வகை. தியோபனெஸ் எழுதியது ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து. அவருக்கு நினிவே தெரியும், யார்முக்கும் தெரியும். இந்தக் காசுக்கு இரண்டுமே தெரியாது. அதற்குத் தெரிந்தது, எதிர்க்கரையில் நெருப்பு எரிகிறது, கஜானாவில் பாதிதான் இருக்கிறது. அதை அப்படியே எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

எனக்கு வந்த மெயிலில் பிடித்த கால்வாசி எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஹெராக்ளியஸ் திருச்சபையிடம் வாங்கிய கடனையும், போர் முடிந்ததும், தவணை முறையில் திருப்பிக் கட்ட ஏற்பாடு செய்தார் என்று நிக்கிபோரஸ் எழுதியிருக்கிறார். அந்தச் சிப்பாய்களின் மீதிப் பாதி?

இன்றைக்கு ராத்திரியும் அந்தக் காசை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போனேன். "ரோமானிஸ்" என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நசுங்கியிருக்கின்றன. அச்சடித்தவனுக்கு அவ்வளவு அவசரம்.